கல்யாணமாகி ரெயூனியன் வந்தவர்களுக்கு: டிக்கெட்டில் எந்தப் பெயர், விசாவில் எந்தப் பெயர்?

ஊரிலிருந்து கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வரும் பெண்கள் முதல் வருஷம் மொழியைப் பற்றிக் கேட்பார்கள், முருங்கைக்கீரை எங்கே கிடைக்கும் என்று கேட்பார்கள். இரண்டாம் வருஷம் அம்மா வீட்டுக்குப் போக டிக்கெட் போடும் நேரம் வந்ததும் எல்லோரிடமிருந்தும் ஒரே கேள்வி வரும். "அக்கா, டிக்கெட்ல அப்பா பேரா, வீட்டுக்காரர் பேரா?"

நான் காரைக்கால்காரி. இந்தத் தீவின் சேந்த் ஆந்த்ரே ஊரில் குடியேறி இருபது வருஷம் ஆகப்போகிறது. எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதனால் கோயிலில் கேட்கிறவர்களுக்கு நின்றபடி சொல்லும் பதிலை இங்கே கொஞ்சம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் சுருக்கமான பதில். உங்கள் பாஸ்போர்ட்டில் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியைப் பாருங்கள். அம்புக்குறி மாதிரி கொக்கிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பதற்கான வரிகள் அவை, ஒவ்வொன்றிலும் 44 எழுத்துகள். மேல் வரியில் நாட்டுக் குறியீட்டுக்கு அப்புறம் வரும் பெயர் எதுவோ, டிக்கெட்டிலும் விசாவிலும் அதுதான் உங்கள் பெயர். மாமியார் எப்படிக் கூப்பிடுகிறார், வங்கி அட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே செல்லாது.

அவசரமாக டிக்கெட் போட வந்தவர்கள் இதோடு போய்விடலாம். மற்றவர்களுக்கு மீதியைச் சொல்கிறேன்.

இங்கே தாலி ஏறினாலும் பெயர் மாறாது

ரெயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம். பாரிஸில் எந்தச் சட்டமோ இங்கும் அதுதான். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில், 1794 ஆகஸ்ட் 23 அன்று, பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு சட்டம் போட்டார்கள். அதன் அடிப்படை இன்றும் அப்படியே நிற்கிறது. எனவே பிரெஞ்சு அரசின் கண்ணில் நீங்கள் பிறந்த பெயரோடுதான் சாகிறீர்கள். அந்தப் பெயரை இங்கே "நோம் தெ நெசான்ஸ்" என்பார்கள், பிறப்புப் பெயர்.

அப்படியானால் ஊரெல்லாம் கணவர் பெயரைச் சொல்லி "மதாம்" என்று கூப்பிடுகிறார்களே? அது "நோம் த்யுசாஜ்", புழக்கத்துக்கு எடுத்துக்கொள்ளும் பெயர். கட்டாயம் இல்லை. வேண்டுமானால் கணவர் பெயரை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது உங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ளலாம். 2013-லிருந்து ஆணும் மனைவியின் பெயரைப் புழங்கலாம் என்று சட்டத்தில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். செய்த மல்பார் ஆண் (இந்தத் தீவின் தமிழ் வம்சாவளியினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) யாரையும் நான் இன்னும் பார்க்கவில்லை, அது வேறு கதை.

ஒரு விஷயம் மனதில் பதியட்டும். பிறப்புப் பெயர் உங்கள் சொத்து, புழக்கப் பெயர் இரவல் நகை. விசேஷத்துக்குப் போட்டுக்கொள்ளலாம், அடகு வைக்க முடியாது. ஆஸ்பத்திரியில்கூடப் பிறப்புப் பெயரைத்தான் முதலில் கேட்பார்கள். நான் வந்த புதிதில் காத்திருப்பு அறையில் என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, இங்கே அவரை யாருக்குத் தெரியும் என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் முறை போய்விட்டது.

பழைய படிவங்களில் "கன்னிப் பெயர்" என்று அச்சடித்திருக்கும். 2012 பிப்ரவரியில் பிரதமர் அலுவலகச் சுற்றறிக்கை ஒன்று அந்தச் சொல்லையும், மணமாகாத பெண்ணை அழைக்கும் "மத்மொய்செல்" என்ற விளிப்பையும் அரசுப் படிவங்களிலிருந்து எடுக்கச் சொன்னது. ஆனாலும் கவுன்ட்டரில் இருக்கும் அம்மாள் பழக்கத்தில் "நோம் தெ ழேன் ஃபீய்" என்றுதான் கேட்பார். அப்பா பெயரைத்தான் கேட்கிறார் என்று புரிந்துகொள்ளுங்கள்.

முதல் வேலை: எல்லாவற்றையும் மேசைமேல் பரப்புங்கள்

பாஸ்போர்ட், அடையாள அட்டை அல்லது குடியிருப்பு அட்டை, பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், இங்கே கொடுத்த குடும்பக் கையேடு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இந்தக் கையேட்டைத்தான் "லிவ்ரே தெ ஃபமிய்" என்பார்கள், இனி அப்படியே சொல்கிறேன், இங்கே யாரும் வேறு பெயர் சொல்வதில்லை. ஒரு தாளில் ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள்.

நம் ஊர்ப் பெண்களுக்குப் பெரும்பாலும் இப்படி இருக்கும். பிறப்புச் சான்றிதழில் வெறும் மீனாட்சி. பள்ளிச் சான்றிதழில் சு. மீனாட்சி. பாஸ்போர்ட்டில் மீனாட்சி சுப்பிரமணியன். திருமணச் சான்றிதழில் மீனாட்சி, தகப்பனார் பெயர் சுப்பிரமணியன். நமக்கு இது நாலும் ஒரே ஆள். பிரெஞ்சு குமாஸ்தாவுக்கு இது நாலு பேர். அவர் மேல் தப்பில்லை. முதலெழுத்து என்ற ஏற்பாடே அவருக்குத் தெரியாது. "சு" என்பது என்ன சுருக்கம், அது ஏன் முன்னால் நிற்கிறது, குடும்பப் பெயர் எங்கே என்று கேட்பார். உங்கள் குடும்பத்தில் குடும்பப் பெயரே கிடையாது என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்.

இந்தத் தீவுத் தமிழர்களுக்கு இது புதிதல்ல. 1848-ல் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களிடம் பெயர் கேட்டபோது ராமசாமி, வீராசாமி என்று தங்கள் சொந்தப் பெயரைச் சொன்னார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் எழுதினார். அது பிறகு பேரன், கொள்ளுப்பேரன் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஆயிற்று. அண்ணன் தம்பி வீட்டிலேயே ஒருவருக்கு ஒற்றை 'எஸ்', இன்னொருவருக்கு இரட்டை. உங்கள் கணவர் வீட்டுப் பெயரை எழுதும்போது உங்களுக்குத் தெரிந்த தமிழ் உச்சரிப்பை வைத்து எழுதிவிடாதீர்கள். யாரோ ஒரு குமாஸ்தா செய்த எழுத்துப் பிழைதான் இன்று சட்டப்படி சரியான பெயர்.

இந்திய பாஸ்போர்ட்டோடு இருப்பவர்களுக்கு

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நிச்சயம் ஆனதும் ஊரில் யாராவது பெரியவர் சொல்வார்: "வெளிநாடு போறே, பாஸ்போர்ட்ல புருஷன் பேரைச் சேர்த்துடும்மா, நாளைக்குத் தொந்தரவு இருக்காது." நல்ல எண்ணம்தான். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய யோசனை. ரெயூனியனுக்கு வருகிறவர்களுக்கு அது தலைகீழ். பாஸ்போர்ட்டில் சுப்பிரமணியன் போய்க் கணவரின் பெயர் குடும்பப் பெயராக ஏறிவிட்டால், பிறப்புச் சான்றிதழையும் திருமணப் பதிவையும் வைத்துக்கொண்டு உங்கள் பிறப்புப் பெயரைத் தேடும் பிரெஞ்சு அலுவலகத்துக்குப் பாஸ்போர்ட்டில் அது எங்குமே கிடைக்காது. அவர்களுடைய பதிவில் ஒருத்தி, பாஸ்போர்ட்டில் இன்னொருத்தி.

என் யோசனை இது: இந்திய பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றாதீர்கள். கல்யாணத்துக்குப் பின் பெயர் மாற்றியே ஆகவேண்டும் என்று இந்தியச் சட்டமும் சொல்லவில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கணவர் பெயருக்கென்று தனிக் கட்டம் இருக்கிறது, அதில் அவர் பெயர் இருந்தால் போதும். குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயர், சொந்தப் பெயர் கட்டத்தில் உங்கள் பெயர், முதலெழுத்தாக இல்லாமல் விரித்து. ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் பதற வேண்டாம். திருமணச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் எப்போதும் கூடவே இருக்கட்டும், அடுத்த புதுப்பிப்பின்போது யோசித்துக்கொள்ளலாம். புதுப்பிக்க ஊருக்குப் போகவேண்டியதில்லை, தீவின் தலைநகர் சேன் தெனியில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், அதாவது குடும்பப் பெயர் கட்டம் காலியாக உள்ளவர்கள், முடிந்தால் வருவதற்கு முன்பே அதைச் சரிசெய்துகொள்ளுங்கள். விமான நிறுவனத்தின் கணினி ஒற்றைப் பெயரை ஏற்காது. ஒன்று அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், அல்லது "முதல் பெயர் தெரியாது" என்று பொருள்படும் மூன்று எழுத்தைப் போடச் சொல்லும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாதிரி, கேட்டுவிட்டுப் போடுங்கள். மொரீஷியஸ் போய் அங்கிருந்து துபாய் வழியாக ஊருக்குப் போகிறவர்கள், நடுவில் இரண்டு நாள் துபாயைச் சுற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தால் இன்னொன்றும் உண்டு. 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை வருகை விசாவில் அனுமதிப்பதில்லை.

அப்புறம், வெவ்வேறு சான்றிதழ்களில் பெயர் வெவ்வேறாக இருப்பவர்கள் ஊரை விட்டுக் கிளம்புமுன் "ஒன் அண்ட் சேம்" சான்று ஒன்று வாங்கி வையுங்கள். இந்த மீனாட்சியும் அந்த மீனாட்சியும் ஒருவரே என்று சொல்லும் காகிதம். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும், அதாவது இந்த ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் முத்திரையும், வாங்கிவிடுங்கள். அந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் உடன்படிக்கையில் 2005-லிருந்து இந்தியா இருக்கிறது. இங்கே வந்தபின் இதற்காகத் தம்பியைத் தாலுகா ஆபீசுக்கும் சென்னைக்கும் அலையவிட்டால் அவன் உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவான்.

இதில் ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், பிரெஞ்சுக்காரரை மணந்தவர்கள் கல்யாணமாகி நாலு வருஷம் ஆனபின் குடியுரிமைக்கு மனுக் கொடுக்கலாம். அது கிடைத்ததும் நாந்த் நகரத்தில் உள்ள அலுவலகத்தில் உங்களுக்கென்று ஒரு பிரெஞ்சுப் பிறப்புப் பதிவு உண்டாகும். அதில் விழும் எழுத்துதான் பிறகு ஆயுளுக்கும். இன்றைக்குச் சின்னத் தகராறாகத் தெரிவது அங்கே கல்வெட்டாகிவிடும்.

பிரெஞ்சு பாஸ்போர்ட் எடுக்கும்போது

பிரெஞ்சு பாஸ்போர்ட்டில் பிறப்புப் பெயர் மேலே இருக்கும், விருப்பப்பட்டால் புழக்கப் பெயர் அதன்கீழ் தனியாக வரும், மனைவி என்பதன் சுருக்கமான "எப்" என்ற இரண்டெழுத்தோடு. ஆனால் அடியில் உள்ள இயந்திர வரியில் பிறப்புப் பெயர் மட்டும்தான் இருக்கும். ஊரில் பாஸ்போர்ட் மாற்றுவதற்கும் இங்கே புழக்கப் பெயர் சேர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இங்கே சேர்த்தாலும் பழைய பெயர் போகாது.

சேர்க்கலாமா என்றால், சேருங்கள் என்பேன். ஒரே பக்கத்தில் இரண்டு பெயரும் அரசு முத்திரையோடு இருந்தால் பாதி வாக்குவாதம் குறைகிறது. ஹோட்டல் பதிவு கணவர் பெயரில் இருக்கலாம், பிள்ளையின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் இருக்கும். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரி பதில் சொல்லும்.

முறை இதுதான். முதலில் இணையத்தில் முன்விண்ணப்பம் நிரப்ப வேண்டும். அதில் புழக்கப் பெயருக்கான கட்டத்தைக் கவனமாக நிரப்புங்கள், பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு மேரியில் நேரம் வாங்க வேண்டும். நகராட்சி அலுவலகத்தைத்தான் மேரி என்கிறோம். உங்கள் ஊர் மேரியில்தான் கொடுக்கவேண்டும் என்றில்லை, கைரேகை எடுக்கும் வசதியுள்ள எந்த மேரியிலும் கொடுக்கலாம். பள்ளி விடுமுறைக்கு முன் சேன் தெனியில் நேரம் கிடைக்காவிட்டால் மலைப்பக்கத்துச் சின்ன ஊர்களில் கேட்டுப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், ஒரு வருஷத்துக்குள் வந்த மின்சார அல்லது தண்ணீர் ரசீது, திருமணப் பதிவின் நகல், பெரியவர்களுக்கு 86 யூரோவுக்கான வரி முத்திரை. அடையாள அட்டைக்குப் பணம் இல்லை, பழையதைத் தொலைத்திருந்தால் மட்டும் 25 யூரோ. கொடுக்கும்போதும் வாங்கும்போதும் நீங்களே நேரில் போகவேண்டும். வந்து மூன்று மாதத்துக்குள் வாங்காவிட்டால் அழித்துவிடுவார்கள்.

ஊரில் கல்யாணம் செய்தவர்கள் அந்தத் திருமணத்தைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றியபின்தான் இதெல்லாம் நடக்கும். அது முடிந்தால்தான் லிவ்ரே தெ ஃபமிய்யும் வரும். சில குடும்பங்களில் வருஷக்கணக்கில் இழுத்துப் போடுகிறார்கள். கணவரை நச்சரித்தாவது முதல் வருஷத்திலேயே முடித்துவிடுங்கள்.

டிக்கெட்

என் கதையைச் சொல்கிறேன். 2009-ல் தம்பி கல்யாணத்துக்குக் கிளம்பினேன். டிக்கெட் போட்டவர் என் வீட்டுக்காரர். பெண்டாட்டி என்றால் தன் பெயர்தானே என்று எனக்கும் தன் குடும்பப் பெயரையே கொடுத்துவிட்டார். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர். ரோலான் காரோஸ் விமான நிலையத்தில் கவுன்ட்டரில் இருந்தவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த அம்மாள் எங்கே?" என்று கேட்டார். நான்தான் அந்த அம்மாள். லிவ்ரே வீட்டில் பீரோவில். கொழுந்தன் மோட்டார் சைக்கிளில் சேந்த் ஆந்த்ரேயிலிருந்து விமான நிலையம் உள்ள சேந்த் மரிக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தபிறகு ஏற்றினார்கள்.

திரும்பி வரும்போதுதான் விசேஷம். சென்னையில் கவுன்ட்டரில் இருந்த பையன் லிவ்ரேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன மேடம், ரேஷன் கார்டா?" என்றான். முழுக்கப் பிரெஞ்சு. அவன் மேலதிகாரியைக் கூப்பிட, அவர் எங்கோ போன் போட, வடகமும் ஊறுகாயுமாக நான் நின்றேன். கடைசி ஆளாக ஏறினேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் விதி இதுதான். டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டைக் கையில் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும், ஞாபகத்திலிருந்து போடக் கூடாது. குடும்பப் பெயர் கட்டத்தில் இயந்திர வரியின் முதல் பெயர். சொந்தப் பெயர் கட்டத்தில் அடுத்து வருவது. இங்கே பிறந்தவர்களுக்கு மரி, லட்சுமி என்று மூன்று நான்கு சொந்தப் பெயர்கள் இருக்கும், டிக்கெட்டுக்கு முதலாவது போதும். பிரெஞ்சு எழுத்துகளின் மேலே உள்ள கோடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம், இயந்திர வரியில் அவை இருப்பதில்லை.

"எப்" என்ற இரண்டெழுத்தை எங்கும் எழுதாதீர்கள். அதையும் பெயர் என்று நினைத்துக் குடும்பப் பெயரோடு ஒட்டிப் போட்ட டிக்கெட்டை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

ஏஜென்சியில் போட்டால் டிக்கெட் வந்த அன்றே பெயரைச் சரிபாருங்கள். ஓரிரு எழுத்துப் பிழையைப் பெரும்பாலான நிறுவனங்கள் திருத்திக் கொடுக்கும். முழுக் குடும்பப் பெயரே வேறென்றால் ஆளை மாற்றுவதாக எடுத்துக்கொள்வார்கள், புது டிக்கெட் காசு கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே தேனிலவுக்கு மொரீஷியஸ் டிக்கெட் போடுகிறவர்கள் மணப்பெண்ணுக்கு அவளுடைய பாஸ்போர்ட் பெயரையே போடுங்கள். தாலி கட்டி மூன்றாம் நாள் யாருக்கும் புதுப் பாஸ்போர்ட் வந்துவிடாது.

போனஸ் புள்ளிகள் சேர்க்கும் அட்டை வைத்திருக்கிறீர்களா? அதில் கணவர் பெயர் இருந்தால், இணையத்தில் நுழைந்தவுடன் கணினி அந்தப் பெயரையே தானாக நிரப்பிவிடும். கவனிக்காமல் பணம் கட்டிவிடுவோம். முதலில் அந்தக் கணக்கில் பெயரை மாற்றுங்கள்.

இந்திய விசா

பிரெஞ்சு பாஸ்போர்ட் வாங்கியபின் முதல் தடவை அம்மா வீட்டுக்கே விசா எடுத்துப் போகும்போது ஒரு மாதிரி இருக்கும். சரி, அதை விடுங்கள்.

இ-விசா படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். குடும்பப் பெயர், சொந்தப் பெயர் இரண்டுக்கும் "பாஸ்போர்ட்டில் உள்ளபடியே" என்று எழுதியிருக்கும். இயந்திர வரிதான் அளவுகோல். அதன்கீழ், எப்போதாவது பெயர் மாற்றியதுண்டா என்று ஒரு கேள்வி. ஆம் என்றால் முந்தைய பெயரைக் கேட்கும். கல்யாணம் ஆனதால் மட்டும் இங்கே பெயர் மாறாது என்று மேலே சொன்னேன் அல்லவா? அப்படிப்பட்டவர்கள் "முந்தைய பெயர்" என்று அப்பா பெயரை எழுதினால் அது ஏற்கெனவே மேலே குடும்பப் பெயராக நிற்கும், படிப்பவருக்குக் குழப்பம்தான். ஆனால் பழைய இந்திய பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருந்தவர்கள், குடியுரிமை வாங்கும்போது பெயரைப் பிரெஞ்சு மாதிரி மாற்றிக்கொண்டவர்கள், கட்டாயம் ஆம் போட்டுப் பழைய பெயரைக் கொடுக்கவேண்டும். மறைத்ததாக ஆகிவிடக் கூடாது.

அம்மா பெயர், அப்பா பெயர், அவர்கள் பிறந்த ஊர் எல்லாம் கேட்பார்கள். பிள்ளைக்கு விசா போடும்போது அம்மா பெயர் என்ற இடத்தில் உங்கள் பிறப்புப் பெயரை எழுதுங்கள். பிள்ளையின் பிறப்புப் பதிவிலும் நீங்கள் அந்தப் பெயரில்தான் இருக்கிறீர்கள். தப்பாகப் போனால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், கட்டிய பணம் திரும்பாது. அனுப்புவதற்கு முன் வீட்டில் வேறொருவரிடம் கொடுத்துப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நம் கண் நம் பிழையைப் பார்க்காது.

ஓ.சி.ஐ. அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை, வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு. அட்டையில் உள்ள பெயரும் பாஸ்போர்ட் பெயரும் ஒத்துப் போகவேண்டும்.

பிள்ளைகளோடு போகும்போது

பிள்ளைக்கு அப்பாவின் குடும்பப் பெயர், உங்களுக்கு உங்கள் அப்பா பெயர். நீங்கள் மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள். எல்லையில் இருக்கும் அதிகாரி பிள்ளையைப் பார்ப்பார், உங்களைப் பார்ப்பார், "இது யார்?" என்பார். பிள்ளை கடத்தலைத் தடுக்கத்தான் கேட்கிறார், கோபப்படாதீர்கள். பாஸ்போர்ட்டில் புழக்கப் பெயரைச் சேர்க்கச் சொன்னதற்கு இது பெரிய காரணம். லிவ்ரே தெ ஃபமிய் கையில் இருந்தால் ஒரு நிமிஷ வேலை.

பாட்டியோடோ சித்தியோடோ அனுப்புகிறீர்களா? பெற்றோரில் ஒருவர்கூட உடன் இல்லாமல் பிரான்சை விட்டு வெளியே போகும் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு, 2017 ஜனவரி 15 முதல் வெளியேறும் அனுமதிப் படிவம் கட்டாயம். மொரீஷியஸ் முக்கால் மணி நேரப் பறத்தல்தான், ஆனாலும் அது வேறு நாடு, படிவம் வேண்டும். இணையத்தில் கிடைக்கும், பெற்றோரில் ஒருவர் நிரப்பிக் கையெழுத்திட்டால் போதும், மேரிக்குப் போகவேண்டியதில்லை. கையெழுத்திடுபவரின் அடையாள அட்டை நகலைச் சேர்க்க வேண்டும். இரண்டு பேரில் யார் கையெழுத்திடுவது? பிள்ளையின் குடும்பப் பெயர் யாருக்கு இருக்கிறதோ அவரே போடட்டும். நீங்கள் போடுவதானால் லிவ்ரே நகலையும் சேர்த்து வையுங்கள். மூலப் படிவம் பிள்ளையோடு போகவேண்டும், போனில் எடுத்த படம் போதாது.

விவாகரத்து ஆனவர்கள், கணவரை இழந்தவர்கள்

விவாகரத்தானால் முன்னாள் கணவர் பெயரைப் புழங்கும் உரிமை போய்விடும். அவர் சம்மதித்தாலோ நீதிபதி அனுமதித்தாலோ மட்டும் தொடரலாம். கணவரை இழந்தவர்கள் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். இயந்திர வரி இரண்டிலும் மாறுவதில்லை, ஆகவே டிக்கெட்டுக்குப் பாதிப்பில்லை.

கைப்பையில் என்ன இருக்கவேண்டும்

பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில்.

லிவ்ரே தெ ஃபமிய் மூலமும் ஒரு நகலும். அப்புறம் ரேஷன் கார்டு கேள்விக்கு மருந்து ஒன்று இருக்கிறது. பிரெஞ்சுப் பதிவேட்டில் உங்கள் திருமணம் இருக்கிறதென்றால், அங்கேயே "எக்ஸ்த்ரே ப்ளுரிலாங்" என்று கேளுங்கள். பல மொழிகளில் அச்சிட்ட திருமணப் பதிவுச் சுருக்கம், ஆங்கிலமும் அதில் உண்டு. 1976-ல் வியன்னாவில் சில நாடுகள் சேர்ந்து உண்டாக்கிய படிவம். இலவசமாகவே கொடுப்பார்கள். திருமணத்துக்கு முந்தைய பெயருக்கென்று அதில் தனி வரி இருக்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையில் இல்லை, அதனால் நீதிமன்றத்துக்கோ சொத்துப் பதிவுக்கோ இது செல்லாது, அதற்கெல்லாம் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரும் அப்போஸ்டிலும் வேண்டும். ஆனால் விமான நிலையக் கவுன்ட்டரில் இருக்கும் பையனுக்கு ஆங்கிலத்தில் படித்துப் பார்க்க ஒரு காகிதம் வேண்டும், அவ்வளவுதான். நான் 2009-க்குப் பின் இதில்லாமல் கிளம்பியதில்லை.

பெயர் வேறாக இருந்த பழைய பாஸ்போர்ட், ரத்தானதாக இருந்தாலும், முடிந்தால் கூடவே. ஊரில் வங்கிக் கணக்கோ நிலமோ பழைய பெயரில் இருந்தால் அங்கே அது பேசும்.

கடைசியாக ஒன்று, இதைப் பயணம் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். வீட்டு வாசலில் உள்ள அஞ்சல் பெட்டியில் உங்கள் இரண்டு பெயரையும் எழுதி ஒட்டுங்கள். பிரெஃபெக்ச்சூரிலிருந்து, அதாவது குடியிருப்பு அட்டை தரும் அரசு அலுவலகத்திலிருந்து, வரும் கடிதம் பிறப்புப் பெயரில் வரும். பெட்டியில் கணவர் பெயர் மட்டும் இருந்தால் தபால்காரர் "இந்த முகவரியில் ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் குடியிருப்பு அட்டைக் கடிதம் அப்படித்தான் திரும்பிப் போயிற்று. டிக்கெட் சரி, பாஸ்போர்ட் சரி, அட்டை மட்டும் இல்லை, பொங்கலுக்கு அவள் ஊருக்குப் போகவில்லை. எங்கள் வீட்டுப் பெட்டியில் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன. மாமியாரின் பிறப்புப் பெயரையும் சேர்த்துவிட்டேன்.